மூணே கால் மணிக்கு யார்?

கல்யாணமாகாத வாலிபர்களே, இந்த வாரம் உங்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், அல்ஜீப்ரா இல்லை. வெறும் கழித்தல்தான். நான் பி.காம். அதற்கு மேல் எனக்கும் வராது.

வருஷத்துக்கு 365 நாள். எங்கள் ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை 52, பண்டிகை விடுமுறைகள் எல்லாம் சேர்த்து 9. போக மீதி 304 நாள் ஆபீஸ். பையன் இரண்டாம் வகுப்பு. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்குக் குறைந்தது 200 நாள் வகுப்பு நடந்தால் போதும். அவனுடைய பள்ளி பெரிய மனசு பண்ணி 210 நாள் நடத்துகிறது. 304-ல் 210 போனால் 94. அதாவது, 94 நாட்கள் நாங்கள் இரண்டு பேரும் ஆபீசில் இருப்போம். பையன் வீட்டில் இருப்பான். அவனோடு காஸ் அடுப்பும் இருக்கும்.

எனக்கு எல்லா லீவும் சேர்த்து வருஷத்துக்கு 27 நாள். மனைவிக்கும் அதே. மொத்தம் 54. இருவரும் ஒரே நாளில் லீவு போடாமல், யாருக்கும் ஜுரம் வராமல், சித்தப்பா பெண் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தால்கூட 40 நாள் உதைக்கிறது. கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும்... டாலி ஆகாத தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பில் தள்ளிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். நம் ஊரில் அந்த சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டுக்குப் பாட்டி என்று பெயர்.

இந்தக் கணக்கில் மழை சேரவில்லை. நவம்பர் மாதம் விடியற்காலையில் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவார். பையன் கட்டிலில் நின்று டான்ஸ் ஆடுவான். ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் வேறு வானம் போலிருக்கிறது. குரோம்பேட்டை ஸ்டேஷனில் முழங்கால் வரை பேன்ட்டை மடித்துக்கொண்டு மின்சார ரயிலுக்கு நிற்போம்.

சரி, பள்ளி உள்ள நாளிலாவது நிம்மதியா? அதுவும் இல்லை. பள்ளி மூணே காலுக்கு விடும். வேன் மூணே முக்காலுக்குத் தெருமுனையில் இறக்கிவிடும். நாங்கள் வீடு திரும்ப ஏழு. நடுவில் மூணே கால் மணி நேரம். இந்த மூணே கால் மணி நேரத்தை நிரப்பத்தான் அபாகஸ், ஹிந்தி, சிலம்பம், கீ-போர்டு எல்லாம். நம் ஊர் டியூஷனில் பாதிதான் படிப்பு. மீதி, பிள்ளைக் காவல். ஹிந்தி டீச்சர் ஒரு நாள் ஊருக்குப் போய்விட்டால் என் மனைவியின் ஆபீசில் ஒரு மீட்டிங் தள்ளிப்போகும்.

கவனிக்கவும், தள்ளிப்போவது அவளுடைய மீட்டிங். என்னுடையது அல்ல. பள்ளி விண்ணப்பத்தில் முதல் கட்டத்தில் இருப்பது என் நம்பர்தான். ஆனால், பையன் கிளாஸில் வாந்தி எடுத்தால் போன் அவளுக்குத்தான் போகும். "அம்மாகிட்டே சொன்னாத்தான் சார் காரியம் நடக்கும்" என்று ஆபீஸ் ரூம் அம்மணி ஒரு நாள் என்னிடமே விளக்கம் தந்தார்.

சட்டமும் கிட்டத்தட்ட அந்த அம்மணி மாதிரிதான். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், பெண் தொழிலாளிகளை மட்டும் எண்ணிப் பார்த்துத்தான் குழந்தைகள் காப்பகம் வைக்கச் சொன்னது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது கொஞ்சம் முன்னேற்றம். ஆணோ பெண்ணோ, 50 ஊழியர்கள் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம். யார்? தாய். தகப்பன் எண்ணிக்கைக்கு மட்டும். நான்கு தடவை டீ குடிக்கப் போகலாம், அதை யாரும் கேட்பதில்லை!

இதில் உண்மையாகவே ஒரு வீட்டுக்கு ஒத்தாசை செய்த திட்டம் என்று நான் கண்ணால் பார்த்தது ஒன்று. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி, 2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் தொடங்கியது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா ஆறு மணிக்கே வந்துவிடுவார். "முன்னாடியெல்லாம் புள்ளைங்க தின்னுச்சா இல்லையான்னு அடிச்சுக்கும் சார். இப்ப ஸ்கூல்லயே உப்புமா, பொங்கல் குடுத்துடறாங்க. நிம்மதியா வேலை பாக்குறேன்" என்றார். வேலைக்குப் போகிறவர்களின் கடிகாரத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடம் தன் கதவைக் கொஞ்சம் முன்னதாகத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

இப்போது எங்கள் வீட்டு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டுக்கு வருகிறேன்.

என் அம்மா 33 வருஷம் டீச்சர். ஓய்வு பெற்ற மறு வருஷம் பேரன் பிறந்தான். இந்த ஜூன் மாதம் ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது, "ஏண்டா, எனக்கு எப்ப ரிடையர்மென்ட்?" என்று கேட்டார்.

"ஆயிட்டியேம்மா."

"அது கவர்ன்மென்ட் குடுத்தது. நீ எப்ப குடுக்கப் போறே? கும்பகோணத்துல பெரியம்மா தனியா இருக்கா. ரெண்டு மாசம் அவளோட இருந்துட்டு வரணும்டா. முட்டி நல்லா இருக்கும்போதே போகணும்."

அதே வாரம் மனைவிக்கு பிரமோஷன் லெட்டர் வந்தது. கூடுதல் பொறுப்பு, கூடுதல் சம்பளம், வீடு திரும்ப எட்டு மணி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் லெட்டரை மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "வேணாம்னு எழுதிடறேங்க" என்றாள். குரலில் அழுகை எல்லாம் இல்லை. பால் கார்டு வாங்கணும் என்று சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பி.காமில் என்னைவிட 11 மார்க் அதிகம் வாங்கினவள் சார்!

மறுநாள் மானேஜரிடம் போனேன். "காலையில எட்டு மணிக்கு வந்துடறேன் சார். நாலரைக்கு விட்டுடுங்க. எட்டரை மணி நேரம், கணக்கு சரியா இருக்கும்."

"எதுக்குப்பா?"

"பையனைப் பாத்துக்கணும் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்ப்பா, வீட்ல லேடீஸ் இல்லையா?"

"இருக்காங்க சார். அவங்களும் ஆபீஸ்லதான் இருக்காங்க."

கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். அவருக்கும் பேத்தி உண்டு. "மூணு மாசம் பாப்போம்" என்றார்.

இப்போது பக்கத்துத் தெரு கிரஷ்ஷில் பையன் ஒண்ணே முக்கால் மணி நேரம்தான் இருக்கிறான். ஐந்தரைக்கு நான் ஆஜர். நாலரைக்கு நான் பையைத் தூக்கும்போது, "என்ன சார், ஹாஃப் டே லீவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் தவறாமல் வரும். காலை எட்டு மணிக்கு நான் தனியாக உட்கார்ந்து லெட்ஜர் புரட்டும்போது அந்தக் குரல் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். போகட்டும். தோசை எனக்கு இன்னும் வட்டமாக வரவில்லை. பையன் அதற்கு ஸ்ரீலங்கா, ஆஸ்திரேலியா என்று பெயர் வைத்துப் பூகோளம் கற்கிறான். மனைவி எட்டு மணிக்கு வந்து அந்த ஆஸ்திரேலியாவை மிளகாய்ப் பொடியோடு சாப்பிடுகிறாள். அம்மா கும்பகோணத்திலிருந்து போன் பண்ணி, "இங்க நான் ரொம்ப நல்லா இருக்கேன், நீங்க ஒண்ணும் அவசரப்பட வேண்டாம்" என்கிறார்.

கணக்கு முழுசாக டாலி ஆகிவிட்டதா? இல்லை. 40 நாள் அப்படியேதான் இருக்கிறது. மூன்று மாதம் முடிந்தால் மானேஜர் என்ன சொல்வாரோ தெரியாது. நவம்பர் மழை வேறு வரப்போகிறது. ஆனால், வித்தியாசம் இனி ஒரே ஆள் தலையில் விழாது. ரெண்டு பத்தியிலும் எழுதுகிறோம். கணக்கில் இதற்கு டபுள் என்ட்ரி என்று பெயர். இதை காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள், வீட்டுக்கும் பொருந்தும் என்று மட்டும் சொல்லவில்லை.

ஆகவே வாலிபர்களே, பெண் பார்க்கப் போகும்போது பஜ்ஜி சொஜ்ஜியோடு இந்தக் கேள்வியும் வரலாம்: "மூணே கால் மணிக்குக் குழந்தையை யார் கூப்பிடப் போறது?" யோசித்து பதில் சொல்லுங்கள். அவசரப்பட்டு, "எங்கம்மாதான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அம்மா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்!