கடைசி ரயிலும் போயாச்சு... இன்னும் வரலையே! கூடுவாஞ்சேரியின் காத்திருப்பு இரவுகள்

இரவு பத்து மணிக்கு மேல் கூடுவாஞ்சேரி ரயில் நிலைய வாசலில் நின்று பார்த்தால், பகலில் தெரியாத ஓர் ஊர் தெரியும். செங்கல்பட்டு லோக்கல் வந்து நின்றதும் கூட்டம் திமுதிமுவென்று இறங்குகிறது. தோளில் லேப்டாப் பை, கையில் காலி டிபன் பை, தி.நகரில் வாங்கிய துணிக்கடைக் கவர். ஷேர் ஆட்டோக்காரர்களின் குரல், பைக் ஸ்டாண்டில் வண்டி கிளப்பும் சத்தம். எல்லாம் ஐந்து நிமிடம்தான். அப்புறம் ஊர் மறுபடி அமைதியாகிவிடும்.

இறங்குகிறவர்களில் பலர் போனைக் காதில் வைத்தபடியே நடக்கிறார்கள். பேசுவது ஒரே வார்த்தை: "இறங்கிட்டேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக நந்திவரத்திலும், காயரம்பேடு பக்கத்திலும், ஊரப்பாக்கத்திலும் எத்தனையோ வீடுகளில் ஹால் லைட் எரிந்துகொண்டிருக்கிறது. அது வராத இரவு எப்படி இருக்கும் என்பது, காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தாம்பரத்துக்கு அப்பால்

கூடுவாஞ்சேரியில் இந்தக் கவலை கொஞ்சம் அதிகம் என்றால், அதற்கு முதல் காரணம் தூரம்.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931 மே மாதம். இன்றைக்கும் புறநகர் ரயில்களில் கணிசமானவை தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டித்தான் கூடுவாஞ்சேரி. தாம்பரத்தில் இருந்து சுமார் 12 கிலோமீட்டர். செங்கல்பட்டு வண்டியைத் தவறவிட்டவருக்கு, இரவு பதினொரு மணிக்கு அந்தப் 12 கிலோமீட்டர் ரொம்ப நீளம்.

ஆனாலும் மக்கள் இங்கே வந்து குடியேறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தாம்பரத்துக்கு உள்ளே வீடு வாங்க முடியாதவர்களுக்கு ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு ஃபிளாட் கைக்கு எட்டியது. இந்தப் பக்கம் பொத்தேரியில் பல்கலைக்கழகம், மறைமலைநகரில் தொழிற்சாலைகள், பரனூரில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. அந்தப் பக்கம் கிண்டி, தி.நகர், பாரிமுனை. ஒரே வீட்டில் கணவர் வடக்கே வேலைக்குப் போவார், மனைவி தெற்கே போவார். யார் முதலில் வீடு திரும்புகிறாரோ, அவர்தான் அன்றைக்குக் காத்திருப்பவர்.

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, வெளியூர் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு வீடு பக்கம் வந்துவிட்டது. ஆனால் சென்னைக்குள் ஒரு கல்யாண வரவேற்புக்கோ, நண்பர்கள் சந்திப்புக்கோ போய்விட்டு இரவில் திரும்புகிறவருக்குப் பழைய கணக்குதான்: ரயிலைப் பிடிக்க வேண்டும், இல்லை என்றால் ஜி.எஸ்.டி. சாலையில் பைக் ஓட்ட வேண்டும். 2024 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தாம்பரம் யார்டு பணிகளுக்காக ரயில்கள் ரத்தானபோது, இந்தப் பாதையை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் புரிந்தது.

பதினொன்றரைக்கு மேல்...

"ஃபிரெண்ட்ஸோட வெளியே போறேன், பத்து மணிக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவில்லை. இந்தக் காத்திருப்புக்கு ஒரு வரிசை உண்டு.

பத்தரை மணிக்கு வருவது கோபம். "வரட்டும், இன்னிக்கு இருக்கு!" பதினொன்றுக்கு வாட்ஸ்அப்பைத் திறந்து பார்ப்பது. கடைசியாக ஆன்லைனில் இருந்தது எட்டேமுக்காலுக்கு. அனுப்பிய மெசேஜுக்கு ஒரே ஒரு டிக். பதினொன்றரைக்கு போன் 'ஸ்விட்ச் ஆஃப்'. அதோடு கோபம் எங்கே போனதென்றே தெரியாது. தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வயிறு பிசையும். தெருவில் பைக் சத்தம் கேட்டால் பால்கனிக்கு ஓட்டம். அது பக்கத்து வீட்டுக்காரரின் பைக்காக இருக்கும்.

மனைவிகளுக்கு மட்டும் உள்ள கவலை இல்லை இது. ஓ.எம்.ஆர். கம்பெனியில் இரண்டாவது ஷிஃப்ட் முடித்து கேப்பில் வரும் மனைவிக்காக, ஜி.எஸ்.டி. சாலையோரம் பைக்கை நிறுத்திவிட்டு நிற்கிற கணவர்கள் உண்டு. நைட் டியூட்டி நர்ஸுக்காகக் காத்திருக்கிற அப்பா, அம்மாக்கள் உண்டு.

இந்த உணர்வு நம் மொழிக்குப் புதிதும் இல்லை. பழந்தமிழ் இலக்கணம் முல்லைத் திணைக்கு வகுத்த ஒழுக்கமே 'இருத்தல்'. பிரிந்து போனவர் திரும்பி வருவார் என்று ஆற்றியிருப்பது. அதற்குரிய பெரும்பொழுது கார்காலம், சிறுபொழுது மாலை. மழை வந்தால் ரயில் லேட்டாகும் இந்தப் புறநகருக்கு அந்தப் பொழுதுக் கணக்கு இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

2015 டிசம்பர் 1: யாருமே வராத இரவு

தென்சென்னைப் புறநகரில் காத்திருப்பு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்தச் செவ்வாய்க்கிழமை இரவுதான்.

நவம்பர் முழுக்க மழை கொட்டித் தீர்த்திருந்தது. ஏரிகள் நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தன. டிசம்பர் 1 அன்று காலை வேலைக்குப் போனவர்கள், மாலையில் திரும்பலாம் என்றுதான் போனார்கள். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர்.

நந்திவரம் ஏரியின் உபரிநீர் ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம், ஆதனூர் பக்கமாக ஓடி அடையாற்றில் சேரும். போகிற வழியில்தான் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள். அந்த இரவில் அந்தப் பகுதிகளே தண்ணீருக்குள் இருந்தன. ரயில்கள் நின்றன. சாலைகள் மூழ்கின. விமான நிலையத்தின் ஓடுபாதைக்குள் தண்ணீர் புகுந்து, விமான நிலையமே சில நாள்கள் மூடிக்கிடந்தது.

இதை எல்லாம் விடக் கொடுமை, போன் செத்துப்போனது. கரன்ட் இல்லை, டவர் இல்லை, சார்ஜ் இல்லை. கிண்டியில் மாட்டிக்கொண்ட கணவர் ஆபீஸ் மாடியில் பத்திரமாகத்தான் இருந்திருப்பார். ஆனால் அது வீட்டுக்குத் தெரியாது. வீட்டில் தண்ணீர் ஏறியிருக்கிறதா, குழந்தைகள் மேல் மாடிக்குப் போய்விட்டார்களா என்பது அவருக்குத் தெரியாது. தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் பலர் நடந்தே வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

அந்த இரவின் நிலைமைக்கு ஓர் உதாரணம். 1878-ல் தொடங்கப்பட்ட 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு, டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. அதன் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை என்று அப்போது செய்தி வந்தது. காரணம், அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியவில்லை. அந்த அச்சகம் இருப்பது மறைமலைநகரில். கூடுவாஞ்சேரியில் இருந்து மூன்றாவது ஸ்டேஷன்.

ஒரு பத்திரிகையே வேலைக்கு ஆள் வர முடியாமல் நின்றுபோன இரவில், ஒரு மனிதர் வீட்டுக்கு வர முடியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. அந்த வெள்ளம் இந்தப் பகுதிக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது. போன் எடுக்கவில்லை என்றால் ஆபத்து என்று அர்த்தம் இல்லை. அதே நேரம், சும்மா உட்கார்ந்திருக்கவும் கூடாது.

என்னவாக இருக்கும்?

சாதாரண இரவுகளில் தாமதத்துக்குப் பெரும்பாலும் சின்னக் காரணங்களே இருக்கும். ரயிலில் தூங்கி, செங்கல்பட்டு வரை போய்விடுவது. சார்ஜ் தீர்ந்துபோவது. விடுமுறை முடிந்து ஊரில் இருந்து திரும்பும் நாளாக இருந்தால், பரனூர் சுங்கச்சாவடியில் இருந்தே வண்டிகள் ஊர்வது.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சோதனையில் மாட்டியிருக்கவும் கூடும். முதல்முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. வண்டியைப் போலீஸ் பிடித்து வைத்துக்கொண்டால், வீட்டுக்குச் சொல்லத் தயங்கி ஏதாவது நண்பர் வீட்டில் படுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் ஓர் உயிர் துடித்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு அவர்களுக்குக் காலையில்தான் வரும்.

ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளும், ஆம்னி பஸ்களும் வேகமெடுப்பதும் அதே இரவு நேரத்தில்தான். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிற அவசரமும் அப்போதுதான். அதனால் 'காலையில பார்த்துக்கலாம்' என்று படுத்துவிட முடியாது.

யாரைக் கேட்பது?

முதலில், கூடப் போனவர்கள். 'இந்த நேரத்துல போன் பண்ணினா தப்பா நினைப்பாங்களோ' என்ற தயக்கம் வேண்டாம். எங்கே, எப்போது பிரிந்தார்கள், எதில் கிளம்பினார் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

ரயிலில் வந்தவர் என்றால் ரயில்வே உதவி எண் 139. தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் ரயில்வே காவல் நிலையங்கள் இருக்கின்றன. ஸ்டேஷனிலோ தண்டவாளத்திலோ ஏதாவது நடந்திருந்தால் தகவல் அங்கேதான் முதலில் வரும்.

சாலை வழி வந்தவர் என்றால் 108-லும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், குரோம்பேட்டை அரசு மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். தனியார் மருத்துவமனைகளையும் விட்டுவிடக் கூடாது. 2021 டிசம்பரில், இதே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரையறுத்த தொகை வரை, அரசே ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் பட்டியலில் உண்டு. கூட ஆள் இல்லாமலே ஒருவர் அங்கே சேர்க்கப்பட்டிருக்கலாம்.

அடுத்தது போலீஸ். அவசர எண் 112. இங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. '24 மணி நேரம் ஆன பிறகுதான் காணவில்லை என்று புகார் கொடுக்க முடியும்' என்று யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. கவலைப்படக் காரணம் இருந்தால், அந்த நிமிடமே புகார் கொடுக்கலாம். போட்டோ, போட்டிருந்த சட்டை நிறம், வண்டி எண், கடைசியாகப் பேசிய நேரம் ஆகியவற்றை எழுதி எடுத்துப் போனால் போதும். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும்.

'எங்க லிமிட் இல்லை' என்ற பதிலும் வரலாம். தாம்பரம் மாநகரக் காவல், செங்கல்பட்டு மாவட்டக் காவல், ரயில்வே காவல் என்று எல்லைகள் பக்கம் பக்கமாக இருக்கிற பகுதி இது. கடத்தல் போன்ற குற்றம் நடந்ததாகச் சந்தேகம் இருந்தால், எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையமும் வழக்குப் பதிய வேண்டும் என்கிறது, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்பது இதுதான்.

மானம் பெரிதா, மனிதர் பெரிதா?

நம்பர்கள் எல்லாம் தெரிந்த வீடுகளிலும் ஒரு தடை இருக்கிறது. அதன் பெயர் கூச்சம். 'போலீஸுக்குப் போய், அப்புறம் அவர் குடிச்சிட்டு எங்கேயோ தூங்கிட்டு இருந்தார்னு தெரிஞ்சா அசிங்கம்.' 'மாமியாருக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாங்க?' 'ஃபிளாட்ஸ்ல பேச்சாகிடும்.'

தேடிப்போய், அவர் நல்லபடியாகக் கிடைத்துவிட்டால் அந்த அசிங்கம் ஒரு வாரப் பேச்சு. தேடாமல் விட்ட ஒரு மணி நேரம், அடிபட்டுக் கிடப்பவருக்கு உயிர் சமாச்சாரம். கவலைப்படுவதைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்கிற கணவர்களும் மனைவிகளும் இதை யோசிக்க வேண்டும். "எங்க இருக்கீங்க?" என்று கேட்பது வேவு பார்ப்பது அல்ல. தூரத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற பாதுகாப்பு அது.

நல்ல நாளில் உட்கார்ந்து பேசி, சில விஷயங்களை முடிவு செய்து வைத்துக்கொண்டால் நல்லது. வெளியே போகிறவர், கூட வரும் ஒரு நண்பரின் நம்பரையாவது வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம். கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை ஒரு மணி நேரத்துக்கு ஆன் செய்யலாம். போன் பூட்டியிருந்தாலும் தெரிகிற மாதிரி அவசரத் தொடர்பு எண்ணைப் பதிந்துவைக்கலாம். பர்ஸில் ஒரு சீட்டில் வீட்டு நம்பர் இருக்கட்டும். குடித்திருந்தால் வண்டியைத் தொடுவதில்லை, அங்கேயே தங்கிவிடலாம், ஆனால் தகவல் சொல்லிவிட வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம் இருக்கட்டும். அப்படித் தகவல் சொல்கிறவரிடம் அந்த இரவில் சண்டை போடுவதில்லை என்பது மறுபக்கத்து ஒப்பந்தம். திட்டு விழும் என்ற பயத்தில்தான் பல போன்கள் 'ஸ்விட்ச் ஆஃப்' ஆகின்றன!

கூடுவாஞ்சேரி என்ற பெயருக்குக் காரணம் எதுவாக இருந்தாலும், அதில் காதில் முதலில் விழுவது 'கூடு'. இரை தேடித் தொலைதூரம் பறக்கிறவர்கள் வந்து அடைகிற இடம். பறவைக்கு வழியில் தகவல் சொல்ல வசதி இல்லை. மனிதருக்கு இருக்கிறது. பேட்டரி பத்து சதவிகிதத்துக்கு இறங்கும்போது, கடைசியாகச் செய்கிற போன் வீட்டுக்கானதாக இருக்கட்டும்.