உள்ளே எத்தனை குடம்?

முன்பெல்லாம் ரயில்வே ஸ்டேஷன்களில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று, கலர் பல்பு மினுக்கிக்கொண்டு நிற்கும். காசு போட்டால் உள்ளே சக்கரம் சுழன்று, 'கடக்' என்று ஓர் அட்டை வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். 'நீங்கள் எதையும் எளிதில் நம்ப மாட்டீர்கள்' என்கிற ரீதியில் ஏதாவது இருக்கும். படித்துவிட்டு உடனே நம்பிவிடுவோம்!

அந்த மெஷினுக்கு இப்போது பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது. ஜிம்மில், ஆஸ்பத்திரியில், கம்பெனி ஹெல்த் கேம்ப்பில் பார்த்திருப்பீர்கள். வெறும் காலோடு ஏறி நின்று இரண்டு கைப்பிடியைப் பிடித்தால் போதும், அட்டைக்குப் பதில் முழுத் தாளில் ஜாதகமே எழுதிக் கொடுத்துவிடும். கொழுப்பு இத்தனை கிலோ, தசை இத்தனை, தண்ணீர் இத்தனை லிட்டர், வலது காலில் எவ்வளவு, இடது காலில் எவ்வளவு... கடைசியில் 'உங்கள் உடம்பின் வயது' என்று ஒரு வரி. ஆளைக் கவிழ்ப்பது அந்த வரிதான்.

அடியேன் கொருக்குப்பேட்டைவாசி. பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் குப்பை கொட்டுகிறேன். எங்கள் ஆபீஸுக்கும் கேம்ப் வந்தது. எனக்கு வயது 31, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 66 கிலோ. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற பி.எம்.ஐ. கணக்கில் 22.8. சுவரில் மாட்டியிருந்த சார்ட்படி நான் உத்தமன். மெஷின் கொடுத்த தாளிலோ கொழுப்பு 27 சதவீதம்! கிட்டத்தட்ட 18 கிலோ. உடம்பின் வயது 44.

எனக்கு அடுத்து ஏறினவர் கேஷியர். 78 கிலோ. சார்ட்படி குண்டர். ஆனால் மனிதர் தினமும் விடியற்காலையில் ஃபுட்பால் ஆடுகிறவர். கொழுப்பு 19 சதவீதம் என்று வந்தது. அன்று முழுக்க அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வேண்டாம், விடுங்கள்.

வீட்டில் வந்து சொன்னேன். "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான் எத்தினி வருசமா சொல்றேன். அதுக்கு மெஷினு வேணுமாடா?" என்றாள் அம்மா.

ஆறுதலுக்கு ஒரு விஷயம் கிடைத்தது. 2004-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் இரண்டு டாக்டர்களின் போட்டோ பக்கத்தில் பக்கத்தில் வந்தது. ஒருவர் புனே டாக்டர் யாஜ்னிக். இன்னொருவர் லண்டன் டாக்டர் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. எக்ஸ்ரே ஸ்கேனில் கொழுப்பை அளந்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! பார்க்க ஒல்லி, உள்ளே வெண்ணெய். இந்தியர்களுக்கு இது பொதுவான சங்கதி. அதனால்தான் வெள்ளைக்காரருக்கு 25 தாண்டினால் 'எடை அதிகம்' என்கிற பி.எம்.ஐ. கோட்டை நமக்கு 23-க்கே இறக்கி வைத்திருக்கிறார்கள். யாஜ்னிக் கட்சியில் சேர்ந்துவிட்ட திருப்தியோடு, இந்த மெஷின் என்னதான் செய்கிறது என்று குடைய ஆரம்பித்தேன்.

உள்ளே எக்ஸ்ரே கிடையாது, கேமரா கிடையாது. கரண்ட் விடுகிறார்கள், அவ்வளவுதான். பயப்படாதீர்கள், ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு, சுருக்கென்றுகூடத் தெரியாது. வீட்டு கரண்ட் நொடிக்கு 50 சுற்று என்றால் இது சுமார் 50,000 சுற்று. தசையில் முக்கால்வாசி தண்ணீர், அதுவும் உப்புக் கரைந்த தண்ணீர். அதில் கரண்ட் குஷியாக ஓடும். கொழுப்பில் தண்ணீர் ரொம்பக் கம்மி, அங்கே கரண்டுக்குச் சரியான வழி கிடையாது. தசை என்பது சிக்னல் விழுந்த பீச் லைன் என்றால், கொழுப்பு என்பது நம்ம கொருக்குப்பேட்டை கேட். கூட்ஸ் வண்டி போகிற நேரத்தில் அங்கே மாட்டியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

கரண்ட் எவ்வளவு தடைபட்டது என்பது மட்டும்தான் சார், மெஷின் நிஜமாக அளக்கிற சமாசாரம். எடையைத் தவிர மற்றதெல்லாம் கணக்கு! உயரத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்து, உடம்பில் தண்ணீர் இவ்வளவு என்று ஒரு மதிப்பு. கொழுப்பு நீங்கலான உடம்பில் சுமார் 73 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு, தசை, எலும்பு வகையறா இத்தனை கிலோ என்று இன்னொரு மதிப்பு. அதை மொத்த எடையில் கழித்தால் மிச்சம் கொழுப்பு. ஆக, கொழுப்பை மெஷின் பார்க்கவே இல்லை. மாசக் கடைசியில் கணக்கு எழுதும்போது இடிக்கிற தொகையை 'இதர செலவு' என்று போடுவோமே, அந்த டெக்னிக்!

இந்த யோசனைக்கு வயது அறுபதுக்கு மேல். 1960-களின் தொடக்கத்தில் தொமாஸே என்கிற பிரெஞ்சு டாக்டர் தோலுக்கடியில் ஊசி செருகி அளந்தார். 1969-ல் அமெரிக்காவில் ஹாஃபர் குழுவினர் ஊசியில்லாமல், தோலின் மேலேயே நாலு எலெக்ட்ரோடு ஒட்டி, உடம்பின் தண்ணீருக்கும் இந்தத் தடைக்கும் பொருத்தம் இருப்பதைக் காட்டினார்கள். கவனியுங்கள், அவர்கள் தேடியது தண்ணீர். கொழுப்பு பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பிசினஸ்.

அந்தக் கணக்கிலும் வில்லங்கம் உண்டு. ஓர் ஊர் ஜனங்களை அளந்து போட்ட சூத்திரம் இன்னோர் ஊர் ஜனங்களுக்கு அப்படியே பொருந்தாது. போதாததற்கு வயது, ஆணா பெண்ணா என்பதையும் பல மெஷின்கள் கேட்டு வாங்கிக் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. எங்கள் ஆபீஸ் பையன் ஒருத்தன் குறும்புக்கு 'பெண்' என்று அழுத்திவிட்டு ஏறினான். அதே உடம்பு, அதே நிமிஷம், கொழுப்பு மட்டும் எகிறிவிட்டது!

இன்னொரு வேடிக்கை. கையும் காலும் தண்ணி லாரி ஹோஸ் மாதிரி. நீளம், குறுகல், அதனால் தடை அதிகம். மார்பும் வயிறும் சிண்டெக்ஸ் டேங்க் மாதிரி. உடம்பு எடையில் பாதிக்குக் கிட்டே அங்கேதான் இருக்கிறது. ஆனால் மொத்தத் தடையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அங்கிருந்து வருகிறது. நம் ஊர் ஆம்பிளைகள் கொழுப்பைச் சேர்த்து வைத்திருப்பது எங்கே? முழங்கையிலா? பெல்ட்டுக்கு மேலேதானே! காலால் மட்டும் மிதிக்கிற சின்ன மெஷினில் கரண்ட் ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கிவிடும். தொப்பையை எட்டிக்கூடப் பார்க்காது. கைப்பிடி வைத்த பெரிய மெஷின் பரவாயில்லை.

டேங்க்குக்குள் என்ன போட்டாலும் தடை அவ்வளவாக மாறாது என்பதால், பிரியாணி சாப்பிட்டுவிட்டு நேராக வந்து ஏறினால் அந்த அரைக் கிலோவில் பெரும்பகுதியைக் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடும். ஜீரணமாகிற வரை காத்திருக்கிற நாகரிகம் அதற்குக் கிடையாது. அதே மாதிரி, எக்சர்சைஸ் முடித்து உடம்பு சூடாக, வியர்வையோடு ஏறினால் தடை குறையும். கொழுப்பும் குறைந்த மாதிரி காட்டும். ஜிம்மில் சேரும்போது சும்மா வந்தவனை அளந்துவிட்டு, மூன்று மாதம் கழித்து எக்சர்சைஸ் முடிந்த கையோடு அளந்து, "பார்த்தீங்களா ப்ரோ, நாலு பர்சன்ட் போச்சு!" என்றால் மயங்கி அடுத்த மூன்று மாதத்துக்குப் பணம் கட்டாதீர்கள். அளந்துதான் ஆகவேண்டும் என்றால் அதே மெஷின், காலையில், வெறும் வயிற்றில், பாத்ரூம் போய்விட்டு வந்து. ஒரு நாள் காட்டுகிற நம்பருக்கு மதிப்பில்லை, மாதக்கணக்கில் எந்தப் பக்கம் போகிறது என்பதற்குத்தான் மதிப்பு. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் வேண்டாம். மற்றபடி டெய்லரிடம் இருக்கிற இஞ்ச் டேப் போதும். இந்திய ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் மெஷின் என்ன சொன்னாலும் கவனம் தேவை. (என்னுடையது 91. அம்மாவிடம் சொல்லவில்லை.)

அப்படியானால் மெஷின் டுபாக்கூரா என்றால், அதுவும் இல்லை. கொழுப்பைப் பற்றி அது சொல்வது அனுமானம். தண்ணீரைப் பற்றிச் சொல்வது அதன் சொந்தத் தொழில். இதை நான் பார்த்தது என் மாமா விஷயத்தில்.

அம்மாவின் தம்பி. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கியவர். சின்ன வயதில் நாங்கள் மூன்று பேர் அவர் ஒரு கையில் தொங்குவோம். சர்க்கரை வந்து பதினைந்து வருஷம் கண்டுகொள்ளவில்லை. இத்தனைக்கும் சர்க்கரை வைத்தியத்துக்கு நம் வட்டாரம் பேர் போனது. டாக்டர் எம்.விஸ்வநாதன் 1948-லேயே ஸ்டான்லியில் அதற்கென்று தனி கிளினிக் நடத்தி, 1954-ல் ராயபுரத்தில் தனி ஆஸ்பத்திரியே தொடங்கினார். கூப்பிடு தூரம்தான். மாமா போகவில்லை. இரண்டு கிட்னியும் போனபிறகு போனார். இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

டயாலிசிஸ்காரர்களுக்கு எடை மெஷின்தான் சாமி. ஏறிவிட்டு உள்ளே, ஏறிவிட்டு வெளியே. சிறுநீர் போகாதவர்களுக்குக் குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கும். ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. அந்த உபரியை மெஷின் வழியாக எடுக்க வேண்டும். எவ்வளவு எடுப்பது? 'டிரை வெயிட்' என்று ஒன்று வைத்திருப்பார்கள். உபரித் தண்ணீர் இல்லாத எடை. மாமாவுக்கு 58 கிலோ. அதற்குக் கீழே அதிகமாக எடுத்தால் பிரஷர் இறங்கி, காலில் நரம்பு பிடித்து இழுத்து, ஆள் கத்துவார். கம்மியாக எடுத்தால் தண்ணீர் நுரையீரலில் ஏறும்.

மாமாவுக்கு நாக்கு செத்துப் போய்ச் சாப்பாடு இறங்கவில்லை. கருவாடு மட்டும் இறங்கியது, உப்பு கூடவே தாகத்தையும் கூட்டிவந்தது. ஆனால் எடை அசையவில்லை. டயாலிசிஸ் முடிந்து ஏறினால் கரெக்டாக 58. "சாப்புடாமயே உடம்பு அப்படியே கீது, ஆண்டவன் புண்ணியம்" என்றாள் அத்தை. ராத்திரி மட்டும் மாமாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து விடிய விடிய உட்கார்ந்திருப்பார். யார்டில் கூட்ஸ் போகிற சத்தத்தை எண்ணுவாராம். "நேத்து பதினொண்ணுடா மாப்ளே" என்பார் காலையில்.

டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார், குழி விழுந்தது. நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார். பிறகு அந்தச் சின்ன மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். இதில் ஏறி நிற்கிற வேலை இல்லை. படுக்க வைத்து, டயாலிசிஸ் ஊசி போடாத பக்கத்துக் கையில் இரண்டு, அதே பக்கத்துக் காலில் இரண்டு ஸ்டிக்கர். 5 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1,000 கிலோஹெர்ட்ஸ் வரை விதவிதமான வேகத்தில் கரண்ட் விடுகிறது. மெதுவான கரண்ட் செல்களைச் சுற்றிக்கொண்டு வெளியே இருக்கிற தண்ணீரில் மட்டும் ஓடும். வேகமான கரண்ட் செல்லின் சுவரையும் தாண்டி உள்ளே போகும். இரண்டையும் ஒப்பிட்டால் செல்லுக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று பிரித்துவிடலாம். தங்கக் கூடாத தண்ணீர் தங்குவது வெளியேதான்.

இரண்டு நிமிஷம். முடிந்தது. கூடுதல் தண்ணீர் 4.1 லிட்டர் என்று வந்தது.

டயாலிசிஸுக்கு முந்தின எடை அன்று 60 கிலோ. வழக்கம்போல் இரண்டு லிட்டர் எடுத்து 58-க்குக் கொண்டுவந்திருப்பார்கள். மிச்ச இரண்டு லிட்டர்? அது மாமாவின் தசை இருந்த இடத்தில் குடியேறியிருந்தது! மாதக்கணக்கில் சதை கரையக் கரைய, அந்த இடத்தைத் தண்ணீர் சத்தமில்லாமல் நிரப்பி, எடையை 58-லேயே நிறுத்திவைத்திருக்கிறது. வெறும் எடை மெஷினுக்கு சதையும் ஒரு கிலோதான், தண்ணீரும் ஒரு கிலோதான்.

டாக்டர் ஒரே நாளில் உறிஞ்சிவிடவில்லை. டிரை வெயிட்டை ஒவ்வொரு தடவையும் இருநூறு, முந்நூறு கிராமாக இறக்கினார். இரண்டு நாள் நரம்பு இழுத்தது, கொஞ்சம் நிறுத்தி மறுபடி இறக்கினார். மூன்றாவது வாரம் 56. அன்று ராத்திரி அத்தை எங்கள் அம்மாவுக்கு போன் செய்தாள். பதறி எடுத்தால், "உன் தம்பி படுத்துத் தூங்குறாரு அண்ணி. கொறட்டை வுடறாரு, கேளு" என்று போனைக் கொண்டுபோய் மாமா வாயருகே பிடித்தாளாம்.

இப்போது மாமாவுக்குக் கருவாடு தடா. கரைந்த சதைக்காக தினம் முட்டையின் வெள்ளைக்கரு. பெரிய சொம்பை ஒளித்துவிட்டு, அளந்து வைத்த பாட்டிலில்தான் தண்ணீர். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும், "இன்னிக்கு உள்ள எத்தினி கொடம் சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்.

போன வாரம் நான் கூடப் போயிருந்தேன். டயாலிசிஸுக்கு முன்பு கூடுதல் தண்ணீர் ஒன்றரை லிட்டர், பரவாயில்லை என்றார்கள். தசை போன தடவையைவிட நானூறு கிராம் ஏறியிருந்தது. சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். மாமா நம்பவில்லை.

"நானூறு கிராமா? நல்லாப் பாரு சிஸ்டர். வர்ற வழில ரெண்டு முட்ட துன்னுட்டு வந்தேன், அதுவா இருக்கப் போவுது."