சொட்டுத் தண்ணி

குழாயைத் திருகுறது எல்லாருக்கும் ஒண்ணு இல்லை. அம்பேத்கர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர், இல்லையென்றால் தாகம்தான். அந்தப் பையன்தான் வளர்ந்து 1927 மார்ச் 20-இல் மகாத் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பின்னால் வந்த ஜனமும் குடித்தது.

எங்கம்மாவுக்கும் தண்ணீர் என்றால் காத்திருப்பதுதான். ஊர்க் கிணற்றில் நாங்க வாளி போடக் கூடாது. குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, "ஒரு கொடம் ஊத்துங்க சாமி"ன்னு கெஞ்சி நிற்கணும். அப்படி நின்னவளை டவுனில் என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். கொஞ்ச நாளில் குளியலறை ஷவர் ஒழுக ஆரம்பித்தது. ராத்திரி வைத்த செம்பு விடியுமுன் நிறைந்து வழிந்தது. "தண்ணி போவுதுடா"ன்னு தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பழுது பார்க்க வந்தவர் குழாயைப் பார்க்குமுன், "சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்டார். சொன்னேன். சாமான் வாங்கி வருகிறேன் என்று போனவர் வரவேயில்லை.

நானே ஸ்பேனரை எடுத்தேன். மாடித் தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடி, ஷவர் குழாயைத் திறந்து பைப்பில் நின்ற தண்ணீரை வடியவிட்டேன். கைப்பிடியைக் கழற்றி, தலைப்பகுதியை இடப்பக்கமாகத் திருப்பியதும் தண்டு வெளியே வந்தது. அதன் நுனியில் ரப்பர் வாஷர். தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. இதுக்கு மேல எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் நசுங்குமே தவிர தண்ணீர் நிற்காது. வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். அங்கே கீறல் இருந்தால் புது வாஷரும் ஒழுகும். கீறல் இல்லை. பழைய வாஷரைக் கடையில் காட்டி, அதே அளவில் புதுசு வாங்கி மாட்டினேன். செலவு சில ரூபாய்தான்.

"நீயே திறந்து பாரும்மா" என்றேன். மூணு தரம் திறந்தாள், மூணு தரம் மூடினாள். யாரையும் சாமின்னு கூப்பிடலை.

ஆனால் விஷயம் வாஷரோடு முடியவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்தத் தொட்டித் தண்ணீர் வருகிற குழாய் ஒழுகாமல் இருந்து என்ன பிரயோசனம்? நம்ம பிள்ளைகள் ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்கணும். தொட்டிக்கு யார் காவல் என்றும் கேட்கணும்.