சத்தமே இல்லாத ஸ்டேஷன்

பாட்டு கேட்டுக்கொண்டே நடக்கிற பழக்கம் எனக்கு அறுபத்திரண்டு வயதில் வந்தது. சர்க்கரை என்று டாக்டர் சொன்ன வருடம் அது. "தினம் அரை மணி நேரம், வாரத்துக்கு அஞ்சு நாள், வேர்க்கிற மாதிரி நடங்க" என்றார். நடக்கலாம்தான். ஆனால் விடிகாலையில் மலையடிவாரத்தில் தனியாக நடந்து பாருங்கள், அரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று தெரியும். கோட்டை மதிலையே எத்தனை நாளைக்குப் பார்ப்பது? மாப்பிள்ளை ஒரு பழைய செல்போனில் பாட்டுகளை ஏற்றி, காதில் மாட்டுகிற ஒயரோடு கொடுத்தார். அரை மணி நேரம் முக்கால் மணி நேரமாயிற்று. கொஞ்ச நாளில் ஓட்டமும் நடையுமாகப் போக ஆரம்பித்தேன்.

எல்லாப் பாட்டும் நடைக்கு ஆகாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பதினைந்து விநாடிக்குத் தாளம் எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி, நாலால் பெருக்குவேன். நூறுக்குக் கீழே இருந்தால் அது பந்திக்குப் போகிற நடை. நூற்றுப் பத்துக்கு மேல் வேக நடை. நூற்று முப்பதைத் தாண்டினால் ஓட்டம். சிவாஜியின் சோகப் பாட்டுகள் எனக்கு உயிர். அவற்றைப் போட்டுக்கொண்டு நடந்தால் வீடு வந்து சேர மாட்டோம். எம்.ஜி.ஆர். குதிரையிலும் வண்டியிலும் பாடிக்கொண்டு போவாரே, விஸ்வநாதன் ராமமூர்த்தி காலத்துப் பாட்டுகள், அவைதான் காலைத் தூக்கி வைக்கும். அதற்குப் பிறகு இளையராஜாவின் தவில் ஒலிக்கிற கிராமத்துப் பாட்டுகள்.

இதெல்லாம் புதிய சங்கதி அல்ல. கோயிலில் சாமி புறப்பட்டால் நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்கள். பல்லக்கு தூக்குகிறவர்களின் கால் தானாக அதற்கு இசையும். எடப்பாடிப் பக்கத்திலிருந்து பழநிக்குக் காவடியோடு நடக்கிற கூட்டத்தைப் பாருங்கள், மேளம் நின்றால்தான் அவர்களுக்குக் கால் வலிக்கும். எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசி 1998-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் உள்ளரங்கத்தில் 2000 மீட்டர் ஓடி உலக சாதனை செய்தபோது, 'ஸ்கேட்மேன்' என்ற துள்ளல் பாட்டை மைதான ஒலிபெருக்கியில் போட வைத்துத்தான் ஓடினார். அவருக்கு ஒலிபெருக்கி, எனக்கு ஒயர்.

ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. முதல் வருடம் சத்தத்தைப் பாதி அளவில் வைத்திருந்தேன். ரோட்டில் லாரி போனால் கேட்கவில்லையே என்று ஒரு கட்டம் ஏற்றினேன். பிறகு இன்னொரு கட்டம். மூன்றாவது வருடத்தில் முழுசாக ஏற்றி வைத்தும், பழைய ரெக்கார்டிங் ஆச்சே, கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும் என்று பாட்டின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

சென்னை சென்ட்ரலில் பூமிக்கு அடியில் கட்டிய மெட்ரோ ஸ்டேஷனை 2018 மே 25-ம் தேதி திறந்தார்கள். ஜூன் கடைசியில் மகள் வீட்டுக்குப் போனேன். மகளும் பேத்தியும் சென்ட்ரலுக்கே வந்திருந்தார்கள். "இன்னிக்கு ஆட்டோ வேண்டாங்கப்பா, மெட்ரோவுல அண்ணா நகர் கிழக்கு போயிரலாம்" என்றாள் மகள்.

1873-ல் எழுந்த சிவப்புக் கட்டடத்திலிருந்து வெளியே வந்து, சுரங்கத்துக்குள் இறங்குகிறோம். ஒரு நகரும் படி, பிறகு இன்னொன்று. எனக்கு அதில் காலை வைக்கப் பயம். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே பெரிய மண்டபம். பளபளவென்று தரை, வெற்றிலைக் கறை இல்லை, தூங்குகிறவர்கள் இல்லை, தலையில் மூட்டை இல்லை. பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கதவில் காட்டினால் வழி விடுகிறது. பிளாட்பாரத்தில் தண்டவாளமே கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடிச் சுவர் எழுப்பி, அதில் கதவு வைத்திருக்கிறார்கள். ரயில் வந்து நின்றால் ரயில் கதவும் கண்ணாடிக் கதவும் சேர்ந்தாற்போலத் திறக்கின்றன. நம்மூர் ஸ்டேஷனில் ரயில் வருவதை நாங்கள் காதால் தெரிந்துகொண்டவர்கள். அந்தக் காலத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அடிக்கிற மணி, தூரத்துக் கூவல், பிறகு காலுக்கடியில் ஒரு நடுக்கம், அப்புறம்தான் இஞ்சின் முகம். இங்கே ஒன்றுமில்லை. வெளிச்சம் வந்தது, ரயில் நின்றது.

"அடடா, என்ன அமைதி! சத்தமே இல்லையே" என்றேன்.

பேத்தி சிரித்தாள். "அப்புச்சி, காதுல இருக்கறதைக் கழட்டிட்டுப் பேசுங்க."

"கழட்டித்தான் வெச்சிருக்கறேன் சாமி" என்று கையைக் காட்டினேன். ஒயர் என் உள்ளங்கையில் சுருண்டு கிடந்தது.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். ரயிலுக்குள் மகளும் பேத்தியும் ஏறிவிட்டார்கள். நான் மேலே எரிகிற எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டு நின்றேன். நிதானமாகக் காலை எடுத்து வைத்த நேரம், மகள் என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு மூடியது. "பீப் பீப்னு கத்துது, அறிவிப்பு வேற சொல்றாங்க, காதுல விழலைங்களாப்பா?" என்றாள். அவள் சத்தமாகக் கேட்டதால் அது மட்டும் விழுந்தது. எழும்பூர், நேரு பூங்கா, கீழ்ப்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போனோம். ஊர் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொண்டே வந்தார்களாம். நான் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரமே காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். சின்ன அறை, சுவரெல்லாம் மெத்தை. காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். உண்மையான அமைதி அங்கேதான் இருந்தது. பல நேரம் அமுக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் எதையோ திருகிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பாள்.

வரைபடத்தில் கோடு நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்திருந்தது. "எங்கே வேலை பார்த்தீங்க?" என்றார் டாக்டர். லாரி பட்டறையை ஒட்டிய ஆபீஸில் முப்பது வருடம் என்றேன். தகரம் அடிக்கிற சத்தம், ஏர் ஹாரன், எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டினார். வயதானால் முதலில் போவது மேல் ஸ்தாயிச் சத்தங்கள்: குருவி, பீப், குழந்தைகள் குரல், பேச்சில் ச, ஸ போன்ற எழுத்துகள். சத்தத்திலேயே இருந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் போகும். அதன் மேல் மூன்று வருடப் பாட்டு. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சத்தம் கூடக்கூட நேரம் மளமளவென்று குறைந்துவிடும். செல்போனின் முழு அளவில் அறுபது சதவீதத்தைத் தாண்டாதீர்கள் என்றார். போனது திரும்பாது என்பதையும் சொன்னார்.

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது காதல்ல, வீட்டுக்காரி. இரண்டு வருடமாக அவளை நான் திட்டாத நாளில்லை. "வாய்க்குள்ளேயே முணுமுணுத்தா யாருக்குப் புரியும்? வாயைத் திறந்து பேசு" என்பேன். முதலில் திரும்பச் சொன்னாள். பிறகு கத்திச் சொன்னாள். "எதுக்கு இந்தக் கத்து" என்று அதற்கும் திட்டினேன். கடைசியில் அவசியமானதைத் தவிர எதுவும் சொல்வதில்லை என்று ஆகியிருந்தது. வயசானால் பேச்சு குறையும் என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஊருக்கு வந்து அவளிடம் சொன்னேன். சமையலறையில் நின்று, திரும்பாமல், ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்கவும் வாய் வரவில்லை.

கருவி வாங்கி மாட்டப் பழகுவதற்கு நாலு மாதம் ஆயிற்று. முதலில் என் செருப்புச் சத்தமே தாங்க முடியவில்லை. இப்போது நடக்கும்போது பாட்டைச் செல்போனின் சொந்த ஸ்பீக்கரிலேயே சட்டைப்பையிலிருந்து பாட விடுகிறேன், பாதிக்கும் கீழே. எதிரே வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

மறுவருடம் மே மாதம் இருவருமாகச் சென்னைக்குப் போனோம். அதற்குள் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்தாகிவிட்டது, என் நடைக்குப் பாட்டுக் கொடுத்தவராயிற்றே, எனக்கு ஆட்சேபம் இல்லை. மெட்ரோவில் வண்ணாரப்பேட்டைத் தடமும் பிப்ரவரியில் திறந்திருந்தார்கள். நல்ல கூட்டம். நகரும் படி உறுமுகிறது, அறிவிப்பு எதிரொலிக்கிறது, கதவு பீப் பீப் என்று உயிரை எடுக்கிறது.

"இப்ப எப்படி இருக்குது அப்புச்சி?" என்றாள் பேத்தி.

"செவ்வாய்ச் சந்தையே தேவலை" என்றேன்.

பக்கத்தில் நின்றவள் மெல்லச் சொன்னாள்: "அதுக்கும் ஒரு குத்தம்."

கேட்டது.