ஆஃப் பண்ணு, ஆன் பண்ணு: வாலில்தான் உயிர்



பூசை நேரமும் அன்னதானப் பட்டியலும் ஏற்கெனவே போட்டாச்சு. இது வேற விஷயம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படிங்க.

ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வர்ற பெற்றோர் பல பேர் எங்ககிட்ட ஒரே கேள்வியைக் கேட்கிறாங்க. "பிள்ளை தமிழ் நல்லாப் படிக்குது. இங்கிலீஷ்லதான் பயப்படுது. தமிழைக் குறைச்சிட்டு இங்கிலீஷைக் கூட்டலாமா? பள்ளியை மாத்திடலாமா?" நாங்க வாத்தியார் இல்லை. எஸ்.பி.எம். முடிச்சிட்டு ஃபேக்டரிக்குப் போனவங்க, இப்போ சூப்பர்வைசரா நிக்கிறோம். ஆனா எந்த இடத்துல நம்ம ஆளுங்க இங்கிலீஷ்ல தடுக்கி விழுறாங்கன்னு தினமும் பார்க்கிறோம். அதை வச்சுத்தான் சொல்றோம்.

பெரிய சொல்லில் யாரும் விழுறதில்லை. பெரிய சொல்லை மனப்பாடம் பண்ணிடலாம். விழுறது எல்லாம் சின்னச் சொல்லில். ஆன், ஆஃப், அப், டவுன், அவுட். வினைச்சொல்லுக்குப் பின்னாடி வால் மாதிரி ஒட்டிக்கிட்டு, அர்த்தத்தையே மாத்திடும்.

முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல நடந்தது. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கிற மெஷின். நைட் ஷிஃப்டுக்கு ஒரு சீட்டு எழுதி வச்சிருந்தாங்க: "டர்ன் டவுன் தி ஹீட்டர்." சூட்டைக் குறைன்னு அர்த்தம். புதுசா வந்த பையன் "டர்ன்" என்ற சொல்லை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஹீட்டரை அணைச்சிட்டான். உள்ளே இருந்த பிளாஸ்டிக் இறுகிப் போச்சு. மறுபடி சூடேத்தி, பழைய சரக்கை வெளியே தள்ளி, மெஷினை ஓட்டுறதுக்குள்ள அரை ஷிஃப்ட் போயிருச்சு. பையன் சோம்பேறி இல்லை, முட்டாளும் இல்லை. வாலைப் பார்க்கணும்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரலை, அவ்வளவுதான்.

வால்தான் முக்கியம்னு நம்ம ஊரு வாய்க்கு எப்பவோ தெரியும். வீட்டுல என்ன சொல்றோம்? "லைட்டை ஆஃப் பண்ணு. ஃபேனை ஆன் பண்ணு." டர்னையும் ஸ்விட்ச்சையும் தூக்கிப் போட்டுட்டு வாலை மட்டும் வச்சுக்கிட்டோம். மலேசியாவுல எல்லா இனத்து ஆளுங்களும் "ஆஃப் தி லைட் லா"ன்னுதான் பேசுறாங்க. சில பேர் "குளோஸ் தி லைட்"னு சொல்லுவாங்க. மலாய்ல கதவுக்கும் விளக்குக்கும் "துத்துப்" என்ற ஒரே சொல் போதும், அந்தப் பழக்கம். காப்பிக் கடையில இது ஓடும். இன்டர்வியூவுல ஓடாது.

இப்போ நம்ம தமிழைப் பாருங்க. சொல்லிவிடு, சொல்லிவை, சொல்லிக்கொடு, சொல்லிக்காட்டு. நாலிலும் "சொல்லி" இருக்கு. ஆனா சொல்லிக்கொடுத்தா அது பாடம். சொல்லிக்காட்டினா அது செய்த உதவியைக் குத்திப் பேசுறது. வெளிநாட்டுக்காரர் தமிழ் படிச்சா இங்கேதான் தலையைச் சொறிவார். நம்ம ஏழு வயசுப் பிள்ளை நாலையும் தவறாம பேசும். இங்கிலீஷ்ல டர்ன் ஆன், டர்ன் ஆஃப், டர்ன் அப், டர்ன் டவுன் செய்யறதும் ஏறக்குறைய இதே வேலைதான். அந்தக் கணக்கு பிள்ளைக்குள்ள ஏற்கெனவே இருக்கு.

அடுத்த படி, ஒரு வினையோட இந்த வால் வச்ச வினையைச் சேர்க்கிறது. இங்கேதான் "டு" வரணுமா "இங்" வரணுமான்னு குழப்பம். தைப்பூசம் முடிஞ்ச மறுநாள் துப்புரவு வேலையை நினைச்சுக்குங்க. "ஸ்டாப் டு பிக் அப் தி ரப்பிஷ்" என்றால், குப்பையைப் பொறுக்க நில்லு. "ஸ்டாப் பிக்கிங் அப் தி ரப்பிஷ்" என்றால், பொறுக்குறதை நிறுத்து. ஒண்ணு வேலை செய்யச் சொல்லுது, இன்னொண்ணு வேண்டாம்னு சொல்லுது.

தமிழ் வாக்கியத்தைக் கவனிச்சீங்களா? "பொறுக்க" என்று வந்த இடத்துல இங்கிலீஷ்ல "டு". "பொறுக்குறதை" என்று வந்த இடத்துல "இங்". மடப்பள்ளி கேஸ் அடுப்புக்கும் அப்படியே. அணைக்க மறந்துட்டேன்: "ஐ ஃபர்காட் டு டர்ன் ஆஃப் தி கேஸ்." அணைச்சது ஞாபகம் இருக்கு: "ஐ ரிமெம்பர் டர்னிங் ஆஃப் தி கேஸ்." தமிழ் வகுப்புல படிச்ச வினையெச்சமும் தொழிற்பெயரும் இங்கே வந்து கை கொடுக்குது. எல்லா இடத்திலும் இது அப்படியே பொருந்தாது. ஆனா தொடங்குறதுக்கு நல்ல கைப்பிடி.

கோயில்ல இன்னும் மூணு இடம் அடிக்கடி வரும்.

ஒண்ணு, பத்துமலைக்கு வர்ற சுற்றுப்பயணிகள் காவடி பற்றிக் கேட்பாங்க. "தே கிவ் அப் ஈட்டிங் மீட் ஃபார் ஃபார்ட்டி எய்ட் டேய்ஸ்" என்றால் 48 நாள் இறைச்சி சாப்பிடுவதை விட்டுவிடுறாங்க. "கிவ் அப்" பின்னாடி "இங்". வெறுமனே "ஹி கேவ் அப்" என்று முடிச்சா, பாதியிலேயே கைவிட்டுட்டார்னு அர்த்தம் ஆகிடும். 272 படி ஏறி வந்தவருக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்!

ரெண்டாவது, செருப்பு. "டேக் ஆஃப் யுவர் ஷூஸ்" சரி, "டேக் யுவர் ஷூஸ் ஆஃப்" என்பதும் சரி. ஆனா ஷூஸுக்குப் பதிலா "தெம்" வந்தா அது நடுவுலதான் உட்காரும்: "டேக் தெம் ஆஃப்." வாசல்ல நிற்கிற தொண்டர்கள் மனசுல வச்சுக்குங்க. அதே சமயம் "லுக் ஆஃப்டர்" பிரியாது. செருப்பைப் பார்த்துக்கிறோம்னு சொல்ல "வி வில் லுக் ஆஃப்டர் தெம்".

மூணாவது, அழைப்பிதழ். கும்பாபிஷேகம், திருவிழா எதுவானாலும் பிரமுகர்களுக்குப் போற கடிதத்துல "வி லுக் ஃபார்வர்ட் டு சீ யூ" என்று அடிச்சிருக்கிறதைப் பல இடத்துல பார்க்கிறோம். "வி லுக் ஃபார்வர்ட் டு சீயிங் யூ" என்பதுதான் சரி. இங்கே "டு" அந்த வாலோட பகுதி, அதனால பின்னாடி "இங்" வரும். தமிழ்ல எழுதிப் பாருங்க: தங்களைக் காண்பதை எதிர்நோக்குகிறோம். "காண்பதை" என்றுதானே வருது?

இப்போ பெற்றோர் கேள்விக்கு வருவோம். தமிழைக் குறைக்காதீங்க. பிள்ளைக்கு இங்கிலீஷ் வராததுக்குக் காரணம் தமிழ் இல்லை. ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்ட ஆள் இல்லாததுதான் காரணம். எங்க ஃபேக்டரியில தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பல பேர் டெக்னீசியனா, இன்ஜினியரா இருக்காங்க. வாய் திறந்து பேசப் பயந்தவங்கதான் அதே இடத்துல நின்னுட்டாங்க. புரியாமலே தலையாட்டுறதுதான் நம்ம சமுதாயத்தைப் பின்னுக்கு இழுக்குது.

வீட்டுல ஒரு சின்ன வேலை செய்ங்க. தினம் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும், அன்னைக்குப் பேசின தமிழ் வாக்கியம் மூணை எடுத்து இங்கிலீஷ்ல மாத்தச் சொல்லுங்க. வால் எது, "டு" வருமா "இங்" வருமா, இதை மட்டும் கேளுங்க. தப்பா சொன்னா சிரிக்காதீங்க, சொல்லிக்காட்டாதீங்க. சொல்லிக்கொடுங்க.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தேவார வகுப்பு முடிஞ்சதும் அரை மணி நேரம் மண்டபத்துல நாங்களே உட்காருறோம். கட்டணம் இல்லை. பெரியவங்களும் வரலாம். இங்கிலீஷ் டீச்சரா இருக்கிற பக்தர்கள் யாராவது வந்து கைகொடுத்தா ரொம்ப நன்றி.

எல்லாப் பிள்ளைகளுக்கும் முருகன் துணை. ஓம் சரவணபவ.