காற்று காட்டும் வழி – 3: புல்லுக்குள் ஒரு சாமுராய்

இசுஹாராவின் கடலோரக் கிராமங்களைத் தாண்டி, ஜின் சகாய் குதிரையை வடக்கே திருப்புகிறான். திரையின் மூலையில் குட்டி வரைபடம் கிடையாது. அம்புக்குறியும் கிடையாது. கன்ட்ரோலரின் டச்பேடில் விரலை மேல்நோக்கி இழுத்தால் காற்று எழும். அது எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம்தான் வழி. நடுவில் மஞ்சள் குருவி ஒன்று தலைக்கு மேல் சுற்றிவிட்டுப் பறந்தால், அதன் பின்னால் போகலாம். வெந்நீர் ஊற்றோ, உட்கார்ந்து கவிதை கட்ட ஓர் இடமோ அகப்படும். நரி எதிர்ப்பட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடினால், இனாரி தெய்வத்தின் சிறு கோயில் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். வழி கேட்க ஆளில்லாத காட்டில் வழி சொல்ல இத்தனை பேர்!

தொடரில் இந்த வாரம் சேர்ந்துகொண்டவர்களுக்காக: நாம் பயணம் செய்துகொண்டிருப்பது 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' என்ற வீடியோ கேமுக்குள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இயங்கும் சக்கர் பஞ்ச் நிறுவனம் உருவாக்கியது. 2020 ஜூலை 17-இல் ப்ளேஸ்டேஷன் 4-க்கு வந்தது. கம்ப்யூட்டருக்கு வர 2024 மே வரை ஆனது. கதை நடக்கும் ஆண்டு 1274. இடம், ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவே கிடக்கும் சுஷிமா தீவு. கொரியக் கரை அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். குப்ளாய் கானின் கப்பல்கள் ஜப்பானைத் தேடி வந்தபோது முதலில் கால் பதித்த மண் அது.

அந்தக் கரையின் பெயர் கொமோதா. கேம் தொடங்குவதும் அங்கேதான். எண்பது சாமுராய்கள் கடலைப் பார்த்து வரிசையாக நிற்கிறார்கள். சற்று நேரத்தில் ஜின்னும் அவன் மாமா ஷிமுரா பிரபுவும் தவிர எல்லோரும் பிணமாகிறார்கள். ஜின்னும் ஷிமுராவும் எதிரித் தலைவன் கோதுன் கானும் கற்பனை. எண்பது என்ற கணக்கு மட்டும் கற்பனையல்ல. தீவைக் காத்த சோ சுகேகுனி சுமார் எண்பது குதிரை வீரர்களோடு கொமோதாவில் எதிர்த்து நின்று மாண்டார் என்பதுதான் ஜப்பானியர் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அவர் நினைவாக அங்கே கொமோதாஹமா ஆலயம் இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் திருவிழாவில் கவசம் தரித்தவர்கள் கடலைப் பார்த்து நின்று, அம்பு தொடுக்காமல் வில்லின் நாணை மட்டும் இழுத்துச் சுண்டுகிறார்கள்.

கேம் பேசாமல் விட்ட ஒன்றும் உண்டு. அன்று வந்த படையில் கணிசமானவர்கள் கொரியர்கள். மங்கோலியருக்கு அடங்கிய கொர்யோ அரசு ஆளும் கப்பலும் கொடுத்தாக வேண்டியிருந்தது. சொந்த நாட்டை அடித்து நொறுக்கியவனுக்காக அடுத்த நாட்டை அடிக்கப் போனவர்கள் அவர்கள். கதை சொல்ல எவ்வளவு வளமான சங்கடம்! சக்கர் பஞ்ச் அந்தப் பக்கமே போகவில்லை.

இனி வழியில் குறுக்கிடும் மங்கோலிய முகாம்கள். ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகக் கடக்கலாம். வாசலில் நின்று சவால் விடுவது ஒன்று. எதிரி ஓங்கும் கணம்வரை பட்டனை அழுத்திப் பிடித்து, சரியான நொடியில் விட்டால் ஒரே வெட்டு. சாமுராய் மரபுக்கு அதுவே அழகு. மற்றது, குனிந்து புல்லுக்குள் புகுவது. இடுப்பளவு உயர்ந்த நாணற்புல்லில் ஜின் பதுங்கினால் இரண்டு முழத்துக்கு அப்பால் நிற்பவனுக்கும் தெரியாது. காதைக் கூர்மையாக்கினால் சுவருக்கு அந்தப்புறம் நடப்பவனின் உருவமும் தென்படும். காற்றில் ஆடும் மணியை ஒரு மூலைக்கு எறிந்து காவலனை அங்கே வரவைக்கலாம். காகிதக் கதவுக்குப் பின்னால் நிழல் ஆடினால், கதவைத் திறக்காமலே கத்தியைப் பாய்ச்சலாம்.

முதல் முறை பின்னாலிருந்து ஒருவனைக் குத்தப்போகும்போது கேம் தன் ஓட்டத்தை நிறுத்திக்கொள்கிறது. சிறுவன் ஜின்னுக்கு மாமா பாடம் சொன்ன பழைய காட்சி திரையில் வருகிறது: எதிரியின் உயிரை எடுப்பதானால் அவன் கண்ணைப் பார்த்து எடு. அடுத்த கணம் ஜின் அதை மீறுகிறான். ஒளிந்து கொல்லும் கேம்கள் ஏராளம். ஒளிவதைத் திறமையாகக் கொண்டாடுவதே அவற்றின் வழக்கம். இங்கே ஒவ்வொரு முறை குனியும்போதும் வளர்த்தவரின் குரலை மிதித்துக்கொண்டே குனிய வேண்டியிருக்கிறது.

எனக்கோ, பயணி என்ற முறையில், பதுங்கும் ஜின்தான் நல்ல துணை. குதிரையில் பாய்கிறவனுக்கு நிலம் என்பது ஓடி மறையும் வண்ணம். பதுங்குகிறவன் கூரை எங்கே ஓலை, எங்கே ஓடு என்று பார்க்கிறான். புல் எங்கே முடிகிறது, வேலி எங்கே இற்றுப்போயிருக்கிறது, விளக்கு எந்தப் பக்கம் எரிகிறது என்று பார்க்கிறான். இந்தத் தீவின் குடிசைக் கூரைகளையும் நெல்வயல் வரப்புகளையும் நான் அறிந்ததெல்லாம் இப்படி ஊர்ந்து ஊர்ந்துதான்.

அறிந்தது எந்தத் தீவை என்பது தனிக் கேள்வி. நிஜ சுஷிமா சுமார் 700 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 90 சதவீதம் மலையும் காடும். கேமில் வருவதுபோல் கண்ணுக்கெட்டிய தூரம் புல் அலையடிக்கும் சமவெளிகளை அங்கே தேடக் கூடாது. கேமில் ஒரே நாள் சவாரியில் கிங்கோ மரங்களின் தங்க மஞ்சளும் மேப்பிளின் சிவப்பும் உறைபனியும் வந்துவிடுகின்றன. பருவங்களைக் காலத்திலிருந்து எடுத்து இடத்தில் நட்டுவிட்டார்கள். மாமாவைச் சிறைவைத்திருந்த கனேதா கோட்டையைப் போன இதழில் பார்த்தோமே, அது நிஜத்திலும் உண்டு. ஆனால் கட்டப்பட்டது 667-இல். கொரிய மண்ணில் நடந்த போரில் தோற்ற ஜப்பான், சீனத் தாங் படை துரத்திக்கொண்டு வருமோ என்று அஞ்சி மலைமேல் எழுப்பிய கல்மதில் அது. ஜின் காலத்தில் அதற்கு அறுநூறு வயது.

பிழை பிடிக்கக் கிளம்பினால் இன்னும் கிடைக்கும். ஜின் இடுப்பில் செருகியிருக்கும் கதானா வாள் பிற்காலத்தது. 1274-இன் குதிரை வீரர்கள் ஏந்தியது தாச்சி என்ற நீண்ட வளைவாள். அவன் மரத்தடியில் உட்கார்ந்து கட்டும் ஹைக்கூ தனிக் கவிதை வடிவமாக மலர இன்னும் சில நூற்றாண்டுகள் போக வேண்டும். (கவிதை முடித்தால் தலையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டி பரிசு. நம் ஊர்க் கவியரங்கங்கள் கவனிக்கலாம்.) கேமை உருவாக்கியவர்கள் இதை மறைக்கவில்லை. அவர்கள் மனத்தில் இருந்தது 13-ஆம் நூற்றாண்டைவிட அகிரா குரோசவாவின் சாமுராய் படங்கள்தான். கறுப்பு வெள்ளையில், பழைய ஃபிலிம் சுருளின் துகள்களோடு விளையாட 'குரோசவா மோட்' என்றே ஒன்று வைத்து, அந்தப் பெயருக்கு இயக்குநரின் குடும்பத்தாரிடம் அனுமதியும் வாங்கினார்கள்.

காற்று இப்போது தொயோதமாவுக்குள் தள்ளுகிறது, தீவின் நடுப்பகுதி. பெயர் நிஜமானது. அங்கே கடல் தெய்வத்துக்கு உரிய வதத்சுமி ஆலயம் இருக்கிறது. அதன் ஐந்து தோரி வாயில்களில் இரண்டு கடலுக்குள் நிற்கின்றன. 2020 செப்டம்பரில் அடித்த சூறாவளியில் வாயில்களில் ஒன்று சரிந்தது. கேம் வெளிவந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆலயத்தார் இணையத்தில் நிதி திரட்டத் தொடங்கினார்கள். இலக்கு 50 லட்சம் யென். சேர்ந்தது 2 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். உலகெங்கும் கேம் ஆடியவர்கள் அள்ளிக் கொடுத்திருந்தார்கள். கற்பனைத் தீவில் இரவல் வாளோடு அலைந்தவர்கள் நிஜத் தீவின் வாயிலை நிமிர்த்திவிட்டார்கள். 2021 மார்ச்சில் கேமின் இயக்குநர்கள் நேட் ஃபாக்ஸையும் ஜேசன் கானலையும் சுஷிமா நகரம் தன் சுற்றுலாத் தூதர்களாக அறிவித்தது.

கூட்டமும் வந்தது, கூட்டத்தோடு வருவதும் வந்தது. வந்தவர்கள் சிலரின் அவமரியாதை பொறுக்காமல், 2025 மார்ச்சில் அதே ஆலயம் வழிபட வருவோரைத் தவிர மற்றவர்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது. நான் ஆலயத்தார் கட்சி. காசு கொடுத்தவருக்கு நன்றி சொல்வது வேறு, வாசலைக் காட்சிப்பொருளாக்குவது வேறு.

கேமின் தொயோதமாவில் காத்திருப்பது ஷிமுராவின் கோட்டை. அதை மீட்க மாமா தேர்ந்தெடுக்கும் வழி, பாலத்தின் மீது நேருக்கு நேர் பாய்வது. எதிரி பாலத்திலேயே வெடிமருந்தைக் கொளுத்த, சாமுராய்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். மறுநாளும் அதே பாலம்தான் என்கிறார் மாமா. அன்று இரவு ஜின் சுவரேறித் தனியே உள்ளே போகிறான். அவனை வளர்த்த செவிலி யுரிகோ கற்றுத்தந்த விஷம் கையில் இருக்கிறது. நம் சித்த மருத்துவர்கள் அறிந்த வச்சநாவியின் இனத்துச் செடியிலிருந்து எடுத்தது. மங்கோலியர் குடிக்கும் புளித்த குதிரைப்பால் மதுவில் அதைக் கலந்துவிடுகிறான். விடியும்போது கோட்டை காலி. வாந்தியும் ரத்தமுமாகக் கிடக்கும் உடல்களைக் கடந்துதான் ஷிமுரா தன் வீட்டுக்குள் நுழைகிறார்.

அவர் கோபம் வெறும் மரபுப் பித்து அல்ல. எவனும் எங்கிருந்தும் கொல்லலாம் என்று குடிகள் கற்றுக்கொண்டால் அப்புறம் எந்த ஆட்சி நிற்கும் என்பது அவர் கணக்கு. பழியை யூனா என்ற திருடியின் மேல் போட்டுவிடச் சொல்கிறார். கொமோதாவில் செத்தவன்போல் கிடந்த ஜின்னைத் தேற்றி எழுப்பியவள் அவள். ஜின் மறுத்துக் கைதாகிறான். அதற்குள் விஷத்தின் பக்குவம் கோதுன் கானின் கைக்குப் போய்விடுகிறது.

வடக்கே கமியகதாவில் பனி கொட்டுகிறது. பதுங்கப் புல் குறைவு, காவல் அதிகம். அங்கே மங்கோலியர் கையிலும் இப்போது அதே விஷம். அடுத்த இதழில் அங்கிருந்து தொடர்வோம்.