வெந்நீர் மலையைச் சுற்றிய இருப்புப் பாதை

ஜப்பான் நாட்டு இரயில் என்றவுடன் அம்பெனப் பாயும் அதிவேக வண்டிகளே நம் மனக்கண்முன் தோன்றும். கியூஷு தீவின் இசஹாயா நிலையத்திலும் 2022ஆம் ஆண்டு முதல் அத்தகைய வண்டி வந்து நிற்கிறது. அதே நிலையத்தின் ஓர் ஓரத்திலிருந்து மஞ்சள் வண்ணம் பூசிய ஒற்றை டீசல் பெட்டியொன்று ஆரவாரமின்றிப் புறப்பட்டுச் செல்கிறது. நான் ஏறியது அதில்தான். உடன் வந்தோர் பள்ளிப் பிள்ளைகளும், மடியில் காய்கறிப் பைகளை வைத்திருந்த முதியோருமே. வெளியூர்க்காரன் நான் ஒருவன் மட்டும்.

அந்தப் பெட்டி செல்வது ஷிமாபாரா தீபகற்பத்துக்கு. அதன் நடுவே உன்சென் எரிமலை எழுந்து நிற்கிறது. மலைமேல் கந்தகப் புகை கக்கும் கொதி ஊற்றுகள். மேற்குக் கரையில் ஒபாமா, கிழக்குக் கரையில் ஷிமாபாரா என வெந்நீர்க் குளியலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். ஒபாமாவின் ஊற்று நீர் 105 பாகை வெப்பமுடையது. அதனை நினைவூட்டவே, கால்களை நனைத்து இளைப்பாற 105 மீட்டர் நீளத் தொட்டியொன்றை அவ்வூரார் கட்டி வைத்திருக்கின்றனர். 1934இல் ஜப்பான் முதன்முதலாக அறிவித்த தேசியப் பூங்காக்களுள் உன்செனும் ஒன்றாகும்.

ஷிமாபாரா இரயில் நிறுவனம் 1911இல் வண்டி ஓட்டத் தொடங்கியது. 1872இல் டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ஜப்பானின் முதல் இருப்புப் பாதை திறக்கப்பட்டபோது ஓடிய முதலாம் எண் நீராவிப் பொறியே, வயதான பின்னர் இந்தச் சிறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு இங்கு வந்து உழைத்தது. 1930இல் அரசு அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்று அருங்காட்சியகத்தில் நிற்கும் அந்தப் பொறியில் ஒரு தகடு பொருத்தப்பட்டிருக்கிறது. பிரிவின் துயருக்கு அளவில்லை என்னும் கருத்தில், அன்றைய நிறுவனத் தலைவர் எழுதிய சொற்கள் அதில் உள்ளன. இரும்புக்கு விடைகொடுக்கையில் இப்படி எழுதிய மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒபாமா ஊற்றுகளுக்கும் ஒரு கிளைப்பாதை இருந்தது. 1920களில் அமைக்கப்பட்ட அது 1938லேயே மூடப்பட்டது. தண்டவாளம் கிடந்த தடத்தில் இப்போது மோட்டார் வண்டிகள் செல்கின்றன. எஞ்சிய பாதையோ கிழக்குக் கரையைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது. ஓமிசாக்கி நிலையத்தில் நடைமேடையை ஒட்டியே அரியாகே கடல் தளும்புகிறது.

அந்தக் கடலை நான் வெறும் காட்சியாகப் பார்க்க இயலவில்லை. 1627ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் பவுல் உச்சிபோரி என்னும் கிறிஸ்தவரின் மூன்று மைந்தர்களை அதில் அமிழ்த்திக் கொன்றனர். கடைசி மகனுக்கு வயது ஐந்து. அதே திங்கள் 28ஆம் நாள் அவரையும் உடனிருந்த பதினைவரையும் உன்சென் மலைக்குக் கொண்டுசென்று கொதிநீரில் மாய்த்தனர். முத்துக்குளித்துறையில் நம் முன்னோருக்குத் திருமுழுக்கு அளித்த புனித சவேரியார், 1549இல் வந்து இறங்கியதும் இதே கியூஷு தீவில்தான். அவர் விதைத்தது எண்பது ஆண்டுகளுக்குள் இவ்வாறு அறுவடையாயிற்று. உச்சிபோரியையும் தோழர்களையும் 2008 நவம்பரில் நாகசாகியில் திருச்சபை முத்திப்பேறு பெற்றோராக அறிவித்தது.

உன்சென் ஊற்றுகளிடையே அவர்கள் நினைவாகச் சிலுவையொன்று நிற்கிறது. அங்கேயே ஆவியில் வெந்த முட்டைகளையும் விற்கின்றனர். வருவோர் உப்புத் தொட்டு உண்கின்றனர். முதலில் எனக்கு இது உறுத்தியது. பின்னர், ஊற்றுக்கு என்ன தெரியும் என்று எண்ணிக்கொண்டேன். மூட்டுவலிக்காரரை ஆற்றுவதும் அதுதான். அன்று கொன்றவர்கள் கைக்கருவியாகக் கொண்டதும் அதைத்தான்.

1990 நவம்பரில் மலை 198 ஆண்டு உறக்கத்திலிருந்து விழித்தது. 1991 ஜூன் 3ஆம் நாள் தீக்குழம்புப் புகைமேகம் சரிவில் உருண்டிறங்கி 43 பேரை மாய்த்தது. எரிமலை ஆய்வாளரான கிராஃப்ட் தம்பதியர் அவர்களுள் அடங்குவர். மழைதோறும் சாம்பற்சேறு பெருக்கெடுத்து வீடுகளைப் புதைத்தது, இருப்புப் பாதையைப் பலமுறை துண்டித்தது. நிறுவனத்தார் தளரவில்லை. சேறு கீழே ஓடட்டும் என்று பாதையை மேலே உயர்த்திக் கட்டி, 1997 ஏப்ரலில் மீண்டும் வண்டி விட்டனர். அழிவின் வடுக்களைக் காண வருவோருக்கெனத் திறந்த பெட்டிகள் கொண்ட உல்லாச வண்டியும் ஓடியது.

அப்படி மீட்ட பாதை பதினொரு ஆண்டுகளே நிலைத்தது. 2008 ஏப்ரல் முதல் நாள், தென்பகுதியின் 35.3 கிலோமீட்டர் நிரந்தரமாக மூடப்பட்டது. மலையால் முடிக்க இயலாததை வெற்று இருக்கைகள் முடித்துவைத்தன. இளையோர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர், வீடுதோறும் மோட்டார் வண்டி வந்தது, பயணச்சீட்டு வாங்க ஆள் குறைந்தது. நெருப்புக்கு எதிராகத் திரண்டெழ மனிதருக்குத் தெரிகிறது. நாள்தோறும் இருவர் மூவராகக் கலைந்து போவதைத் தடுக்க எவர் திரள்வார்? நம் ஊர்களிலும் இந்தக் கலைதலைக் கண்டிருக்கிறேன். ஆதலால் அந்நாட்டாரைக் குறைகூற மனம் வரவில்லை. 78 கிலோமீட்டருக்கும் மேலாக ஓடிய வண்டி இப்போது 43.2 கிலோமீட்டருடன் ஷிமாபாரா துறைமுகத்தருகே நின்றுவிடுகிறது.

மூடப்பட்ட பகுதியில் ஹராஜோ என்றொரு நிலையம் இருந்தது. ஹரா கோட்டை என்பது பொருள். 1637இல் கடும் வரியாலும் பசியாலும் சமயக் கொடுமையாலும் கிளர்ந்தெழுந்த மக்கள் அக்கோட்டையில் அடைந்துகொண்டனர். பெண்டிரும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 37,000 பேர் என்பர். தலைமை ஏற்றவன் அமகுசா ஷிரோ என்னும் பதின்வயது இளைஞன். 1638 ஏப்ரலில் கோட்டை வீழ்ந்தபோது பெரும்பாலும் எவரும் எஞ்சவில்லை. படைக்கலம் ஏந்தியோர் ஆதலின் திருச்சபை அவர்களை மறைசாட்சிகளாகக் கொள்வதில்லை. அதன் நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் அந்தக் குழந்தைகளை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பது எனக்கு விளங்கவில்லை.

2018இல் யுனெஸ்கோ அக்கோட்டையின் எச்சங்களை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இரயில் நின்று அப்போது பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஷிமாபாராவில் இறங்கி, பேருந்தைப் பிடித்து, நானும் அங்குச் சென்றேன். கடலை நோக்கிய புல்வெளியில் சில கற்சுவர்கள் கிடக்கின்றன. மாலைப் பேருந்தில் என்னோடு திரும்பியவர் ஒரே ஒரு மூதாட்டி. மடியில் வெங்காயப் பையை அணைத்தவாறு உறங்கிக்கொண்டு வந்தார்.